மருந்து கொடுத்தோம், பந்தியில் இடம் கொடுத்தோமா?

கேள்வி இது: "கிறிஸ்தவர்கள் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அநாதை இல்லம் எல்லாம் நடத்துகிறார்கள். சமுதாயம் ஒதுக்கிவைத்தவர்களோடு ஐக்கியம் என்று வேதம் சொல்வது இந்தச் சேவைகளைத்தானா, அல்லது அதற்கு மேல் ஏதாவது இருக்கிறதா? எங்களைப் போன்ற சிறிய சபை இதில் என்ன செய்ய முடியும்?"

அதற்கு மேல் இருக்கிறது. அந்த மேற்பட்ட பகுதியில்தான் சபை திரும்பத் திரும்பச் சறுக்கியிருக்கிறது. இரக்கம் காட்டுவதில் கிறிஸ்தவர்களுக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆனால் இரக்கத்தில் கொடுக்கிற கை மேலே இருக்கும், வாங்குகிற கை கீழே இருக்கும். ஐக்கியத்தில் இரண்டு கையும் ஒரே இலையருகே இருக்கவேண்டும். நமக்கு வராதது இந்த இரண்டாவதுதான்.

முதலில் சுவிசேஷங்களைப் பார்ப்போம். இயேசு நோயாளிகளைக் குணமாக்கியதற்காக, ஓய்வுநாள் தகராறை விட்டால், யாரும் அவரைப் பெரிதாகக் குறைசொல்லவில்லை. குறை வந்தது சாப்பாட்டில். "இவர் பாவிகளை ஏற்றுக்கொண்டு அவர்களோடே சாப்பிடுகிறார்" என்று முறுமுறுத்தார்கள் என லூக்கா 15ஆம் அதிகாரம் தொடங்குகிறது. காணாமற்போன ஆடு, காணாமற்போன வெள்ளிக்காசு, கெட்ட குமாரன் ஆகிய மூன்று உவமைகளும் இந்த ஒரு முறுமுறுப்புக்குச் சொன்ன பதில்தான். ஞாயிறு பள்ளியில் உவமையைச் சொல்லிக்கொடுக்கிறோம். அது எந்தச் சண்டையில் பிறந்தது என்பதை விட்டுவிடுகிறோம்.

அந்தப் பந்தியில் இருந்தவர்கள் யார் என்பதையும் கவனிக்கவேண்டும். ஆயக்காரர், அதாவது வரி வசூலிப்பவர், என்றதும் நம் மனதில் ஒரு பரிதாபமான ஏழை வந்து நிற்கிறான். அது தவறு. கப்பர்நகூம் ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த லேவி வசதியுள்ளவன், வீட்டில் பெரிய விருந்தே செய்தவன். எரிகோவின் சகேயு ஆயக்காரரின் தலைவன், ஐசுவரியவான். ஊராரின் பணத்தை உறிஞ்சி அந்நிய ஆட்சிக்குக் கட்டியவர்கள் என்று ஊரே இவர்களை வெறுத்தது. நம் ஊர்க் கந்துவட்டிக்காரரின் வீட்டில் ஒரு பரிசுத்தவான் போய்ச் சாப்பிட்டால் தெருவில் என்ன பேச்சு எழும் என்று யோசித்தால் எரிகோவின் சூடு புரியும். ஒதுக்கப்பட்டவர் என்றாலே அப்பாவி என்று எண்ணிக்கொள்வது நமக்கு வசதி. வேதம் அந்த வசதியைத் தருவதில்லை.

சகேயுவிடம் இயேசு நடந்துகொண்ட விதம் இன்னும் விசேஷம். "நீ திருந்து, பிறகு வருகிறேன்" என்று சொல்லவில்லை. "சகேயுவே, நீ சீக்கிரமாய் இறங்கிவா, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்கிறார். பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துகிறேன் என்று சகேயு சொல்வது அதற்குப் பிறகு. இங்கே விருந்தாளி இயேசு, வீட்டுக்காரன் சகேயு. சமாரியப் பெண்ணிடமும் அப்படித்தான். "தாகத்துக்குத்தா" என்று அவர்தான் முதலில் கேட்கிறார். யூதர் சமாரியரோடு சம்பந்தம் கலவாத காலத்தில் அவள் கைத் தண்ணீரை, அவள் பாத்திரத்தில் கேட்கிறார். ஒருவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதற்கு என்ன பொருள் என்று உலகில் எந்த வாசகருக்கும் விளக்கவேண்டியிருக்கலாம், தமிழ் வாசகருக்கு வேண்டியதில்லை. கொடுப்பதைவிட, ஒதுக்கப்பட்டவரிடமிருந்து வாங்குவது கடினம். அவர் வாங்கினார்.

குஷ்டரோகியின் சம்பவம் மாற்கு முதலாம் அதிகாரத்தில் வருகிறது. லேவியராகமம் 13இன்படி அப்படிப்பட்டவன் கிழிந்த உடையோடு, "தீட்டு, தீட்டு" என்று சத்தமிட்டுக்கொண்டு, பாளயத்துக்குப் புறம்பே தனியாக இருக்கவேண்டும். (அந்த அதிகாரம் வஸ்திரத்தில் படரும் பூசணத்தையும் அதே பெயரால்தான் சொல்கிறது. ஆகவே இன்றைய மருத்துவம் சொல்லும் தொழுநோய் மட்டும்தான் அது என்று நினைக்கவேண்டாம்.) வார்த்தையாலேயே குணமாக்கக்கூடியவர், "மனதுருகி, கையை நீட்டி, அவனைத் தொட்டு", பிறகுதான் "சுத்தமாகு" என்கிறார். தொடும்போது அவன் இன்னும் ரோகிதான். சம்பவத்தின் முடிவை அநேகர் கவனிப்பதில்லை. குணமானவன் ஊரெங்கும் போய்ப் பிரசித்தம் பண்ணுகிறான். இயேசுவோ பட்டணத்துக்குள் வெளியரங்கமாய்ப் போகமுடியாமல் வனாந்தரமான இடங்களில் தங்குகிறார். வெளியே இருந்தவன் உள்ளே வந்தான், உள்ளே இருந்தவர் வெளியே போனார்.

ஆதித் திருச்சபை இதை உடனே கற்றுக்கொண்டதா? இல்லை. சாப்பாட்டு மேசையில் நடந்த முதல் பெரிய சண்டை கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் மெல்ல விலகினார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார். பேதுருவின் உபதேசம் மாறவில்லை, இருக்கை மட்டும்தான் மாறியது. அதையே பவுல் சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு விரோதம் என்றார். கொரிந்து சபையிலும் இதே வியாதி வேறு உருவில்: வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டு வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். இன்று திருவிருந்துக்கு முன் நாம் வாசிக்கும் வார்த்தைகள் அந்தக் கண்டிப்பின் நடுவில் இருப்பவை.

பிற்கால வரலாற்றில் இரக்கமும் விலக்கமும் கைகோத்தே நடக்கின்றன. 4ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பசிலியார் பஞ்சத்தையொட்டி ஊருக்கு வெளியே ஒரு பெரிய கருணை நிலையம் கட்டினார், அங்கே தொழுநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. அவர்களை அவர் முத்தமிட்டு வரவேற்றதாக நண்பர் நசியான்சுஸ் கிரகோரியார் தம் இரங்கல் உரையில் சொல்கிறார். 1179இல் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் மூன்றாம் லாத்தரன் சங்கமோ தொழுநோயாளிகளுக்குத் தனி ஆலயம், தனிக் கல்லறை, தனிக் குரு வைத்துக்கொள்ள வழிசெய்தது. அவர்களுக்கு ஆராதனை மறுக்கப்படக்கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம். நல்லெண்ணத்தோடு எழுப்பிய சுவரும் சுவர்தான்.

இனி, தொழுநோயாளிகளோடு போய் வாழ்ந்த கத்தோலிக்கக் குரு தமியான். அவரைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள், ஆனால் கதையைப் பாதியில் தொடங்குவார்கள். ஹவாய் அரசு 1865இல் தொழுநோயாளிகளைப் பிரித்துவைக்கும் சட்டம் போட்டது. 1866 முதல் அவர்களை மொலோக்காய் தீவில் கடலும் செங்குத்துப் பாறையும் அடைத்த ஒரு முனையில் கொண்டுபோய் விட்டார்கள். கட்டாயப் பிரிப்பு 1969 வரை நீடித்தது. மொத்தம் ஏறக்குறைய 8,000 பேர், பெரும்பாலோர் அந்த மண்ணின் மக்கள். தமியான் அங்கே போனது 1873 மே மாதம். அதற்கு முன்பே அங்கே ஐக்கியம் இருந்தது. நோயில்லாத மனைவி, கணவன், தாய் என்று பலர் நோயாளியோடு தாங்களாகவே அந்த முனைக்குப் போய் வாழ்ந்தார்கள். அவர்களை ஹவாய் மக்கள் 'கோக்குவா' என்று அழைத்தார்கள். 1866இலேயே நோயாளிகள் தாங்களே கூடி சிலோவாமா என்ற பெயரில் ஒரு புராட்டஸ்டண்ட் சபையைத் தொடங்கிவிட்டார்கள். மிஷனரி வந்து சபை பிறக்கவில்லை. ஒதுக்கப்பட்டவர்களே சபையாக இருந்தார்கள், தமியான் அங்கே வந்து சேர்ந்துகொண்டார்.

அவர் பெல்ஜியத்தில் 1840இல் பிறந்தவர். போகும்போது வயது 33. வீடு கட்டினார், தண்ணீர்க் குழாய் போட்டார், சவப்பெட்டி செய்தார், குழி வெட்டினார். இவையெல்லாம் சேவை. இதைத் தாண்டி, அவர்களோடு ஒரே பாத்திரத்தில் கைபோட்டு 'போய்' என்ற கிழங்குக் கூழைச் சாப்பிட்டார், புகைக்குழாயையும் மாற்றிக்கொண்டார். பிரசங்கத்தில் "என் சகோதரரே" என்று தொடங்காமல் "தொழுநோயாளிகளாகிய நாம்" என்று சொல்வதாக முதல் வருஷத்திலேயே தம் அண்ணனுக்கு எழுதினார். அப்போது அவருக்கு நோய் இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் வந்தது. 1889 ஏப்ரல் 15ஆம் தேதி 49 வயதில் இறந்தார். 2009இல் புனிதராக்கப்பட்டார். அவர் போன அதே 1873இல்தான் நார்வேயில் ஹான்சன் இந்த நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டார் என்பதையும் சேர்த்து யோசிக்கலாம். பரம்பரையா, பாவமா, சாபமா என்று உலகம் குழம்பிக்கொண்டிருந்த காலம் அது.

ஆனால் ஐக்கியம் என்றால் நோயை வாங்கிக்கொள்வது என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. தமியானுடைய கடைசி மாதங்களில் வந்துசேர்ந்த சகோதரி மரியான் கோப் கைகழுவுவதிலும் சுத்தத்திலும் கண்டிப்பானவர். தம் சகோதரிகளில் ஒருவருக்கும் நோய் வராது என்று உறுதி சொன்னார், வரவும் இல்லை. 1918இல் அங்கேயே வேறு காரணத்தால் இறந்தார். நோயுற்ற பெண்பிள்ளைகளுக்கு நல்ல துணி எடுத்து அழகான உடை தைத்துக்கொடுத்தார். தமியானின் தியாகத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதையில் கால்வாசிகூட மரியானின் தையலுக்குக் கொடுப்பதில்லை. என் பார்வையில் இது நம் ரசனையின் கோளாறு. சாகும் அன்பு நமக்குப் பிடிக்கும். முப்பது வருஷம் அலுக்காமல் கூடவே வாழும் அன்பை நாம் பார்ப்பதே இல்லை.

இந்த விஷயம் நம் மண்ணிலும் நடந்தது. கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்கு 1914இல் பிறந்த பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எலும்பு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது ஒரு நோயாளியின் மடங்கிப்போன கையைப் பிடித்தார். அந்தக் கை அவர் விரல்களை வலிக்கும் அளவுக்கு இறுக்கியது. செத்தது என்று நினைத்த கையில் நல்ல தசைகளும் இருக்கின்றன என்பது அந்தப் பிடியில் தெரிந்தது. இயங்கும் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை அங்கிருந்து வளர்ந்தது. விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் சூடும் வெட்டும் தெரியாமல் காயப்பட்டுத் தேய்கின்றன என்பதையும் அவர் குழு எடுத்துக்காட்டியது. தூங்கும்போது எலி விரலைக் கடிப்பதுகூடத் தெரியாது. எலியை விரட்ட நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

அவர் சொன்ன இரண்டு அனுபவங்கள் உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கின்றன. ஒரு இளைஞனின் தோளில் கைவைத்து, சிகிச்சை எப்படி நடக்கும் என்று விளக்கினார். அவன் தேம்பித்தேம்பி அழுதான். ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டார். இங்கே வரும்வரை பல வருஷமாக யாரும் அவனைத் தொட்டதில்லை, அதனால் அழுகிறான் என்று கூட இருந்தவர் சொன்னார். இன்னொன்று இதைவிடக் கசப்பானது. கை நிமிர்ந்து ஊருக்குப் போனவர்கள் சிலர் திரும்பி வந்து குறைப்பட்டுக்கொண்டார்கள். மடங்கிய கையைப் பார்த்துப் பிச்சை போட்டவர்கள் நல்ல கைக்குப் போடவில்லை, தொழுநோயாளி என்ற பெயர் மட்டும் போகாததால் வேலையோ வீடோ தர ஆளில்லை. மருத்துவம் வென்றது, ஊர் தோற்றது. அதற்குப் பிறகுதான் 1951இல் புதுவாழ்வு மையம் தொடங்கி, தச்சுவேலை போன்ற தொழில்களைக் கற்றுக்கொடுத்து, சேர்ந்து வாழ்ந்து பார்த்தார்கள். 1955இல் வேலூருக்கு அருகே கரிகிரி தொழுநோய் மருத்துவமனை எழுந்தது.

வேலூரில் மேரி வர்கீஸ் என்ற மருத்துவரும் இருந்தார். 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். மருத்துவர் மேலே, நோயாளி கீழே என்ற அடுக்கு அந்த அறையில் செல்லுபடியாகவில்லை.

இன்று தொழுநோய்க்குக் கூட்டுமருந்து இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது, முழுமையாகக் குணமாகும். ஆனாலும் 2001இல் இந்தியக் கிறிஸ்தவர்களின் விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தியபோது, குணமாகாத தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக அதில் சேர்த்தார்கள். மருந்து வந்து இருபது வருஷம் ஆனபின்! அந்தப் பிரிவை மற்ற சமயத்தாரின் சட்டங்களிலிருந்தும் சேர்த்து 2019இல்தான் நீக்கினார்கள். தமியானின் படத்தை மாட்டியிருக்கும் வீடுகள் அந்தப் பதினெட்டு வருஷத்தில் இதைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

தொழுநோயைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டுச் சாதியைத் தொடாமல் போனால் இந்தப் பதில் பொய்யாகிவிடும். கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் தென்னிந்திய சபைகளுக்கு எழுதிய கடிதத்தில், சாதி வேற்றுமையை உடனடியாக, முற்றாக விட்டுவிடவேண்டும் என்றார். தனித்தனி இருக்கை, திருவிருந்துப் பாத்திரத்தில் சாதி பார்த்து முந்தியும் பிந்தியும் பருகுவது எல்லாம் நிற்கவேண்டும் என்பது அதன் நடைமுறைப் பொருள். தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு இன்னும் ஒருபடி போய், எந்தச் சாதியார் சமைத்தாலும் சாப்பிட மறுப்பவர் சாதியை விட்டவராகக் கருதப்படமாட்டார் என்றது. பிரசங்கத்தைவிடச் சோற்றுப்பானைதான் சரியான சோதனை என்று கண்டுகொண்டார்கள். வெளிநாட்டார் அதிகாரத்தோடு திணித்த சோதனை என்ற குறை அதில் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சோதித்த இடம் சரியான இடம்.

கத்தோலிக்கர் பக்கம் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தைப் பார்க்கலாம். 1870களில் அங்கே எழுந்த ஆலயத்துக்கு இரண்டு கிளை, இரண்டும் பீடத்தில் வந்து சேரும். பீடத்தில் நிற்கும் குரு இரு பக்கத்தையும் பார்ப்பார், நடுவே உள்ள தடுப்பால் இரு சாதியார் ஒருவரையொருவர் பார்க்கமுடியாது. அந்தத் தடுப்பை 1910 வாக்கில் இடித்தார்கள். உயர்சாதி என்று எண்ணியவர்கள் தங்கள் தனி இடத்துக்கு உரிமைகேட்டு வழக்குப் போட்டார்கள், மதராஸ் உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. நூறு வருஷக் கதை என்று தள்ளிவிட முடியாது. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில், பங்கில் சமமரியாதை இல்லை என்று தலித் கிறிஸ்தவர்கள் தனிப்பங்கு கேட்டதையொட்டிக் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர் உள்ள ஊர்கள் இன்னும் இருக்கின்றன.

ஒரு எதிர்க்கேள்வி வரும், அதையும் பார்த்துவிடலாம். "இப்படிப்பட்டவனுடனே கூடப் புசிக்கவுங்கூடாது" என்று பவுலே 1 கொரிந்தியர் 5இல் எழுதியிருக்கிறாரே? எழுதியிருக்கிறார். ஆனால் உலகத்தாரைப் பற்றி அல்ல என்று அதே இடத்தில் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். சகோதரன் என்ற பெயரோடு உள்ளே இருந்துகொண்டு பிறருக்குக் கேடு செய்பவனைப் பற்றியது அது. அந்தப் பட்டியலில் விபசாரக்காரனோடு பொருளாசைக்காரனும் கொள்ளைக்காரனும் இருக்கிறார்கள். நாம் முதல் ஆளை மட்டும் விலக்கி, மற்ற இருவரையும் கமிட்டிக்குத் தேர்ந்தெடுக்கிறோம்.

சரி, உங்கள் சிறிய சபை. ஆஸ்பத்திரி கட்டப் பணம் இல்லை என்பது ஒருவகையில் நல்லது, அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. தென்மாவட்டத்துச் சபைகளில் பண்டிகைக்கு அசனம் (சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து) போடுகிறோமே, அங்கிருந்து தொடங்குங்கள். சிறையிலிருந்து விடுதலையாகி வந்தவர், திருநங்கை, எச்.ஐ.வி. உள்ள குடும்பம், துப்புரவுப் பணியாளர் என்று உங்கள் ஊர் யாரை ஒதுக்குகிறதோ அவர்களை அசனத்துக்கு அழைப்பதோடு நிற்கவேண்டாம். அடுப்பண்டையில் நிற்பவர்களில் அவர்களும் இருக்கட்டும், பரிமாறுகிறவர்களில் அவர்களும் இருக்கட்டும். அன்றைக்கு யாருக்கெல்லாம் திடீரென்று வயிறு சரியில்லாமல் போகிறது என்று போதகர் குறித்துவைத்துக்கொண்டால், அடுத்த வருஷத்துப் பிரசங்கங்களுக்குப் பொருள் தேடவேண்டியிருக்காது.

அதோடு, அவர்களைச் சாட்சி சொல்லவைக்கும் ஆசையை விடுங்கள். "நான் இப்படி இருந்தேன், இப்போது இப்படி ஆனேன்" என்று ஒருவரை மேடையேற்றினால் அவர் என்றைக்கும் பழைய பெயரோடுதான் சபையில் இருப்பார். வேதபாடம் வாசிக்கச் சொல்லுங்கள், பாடகர் குழுவில் சேருங்கள், காணிக்கைப் பை எடுக்கச் சொல்லுங்கள், கணக்குப் பார்க்கத் தெரிந்தவராக இருந்தால் பொருளாளராக்குங்கள். அவர் வீட்டுக்கு ஜெபிக்கப் போனால் காபி வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வீட்டில் கல்யாணம் வந்தால் லூக்கா 14இன் 12, 13ஆம் வசனங்களை அழைப்பிதழ்ப் பட்டியலோடு வைத்து வாசியுங்கள். "உன் பந்துஜனங்களையாகிலும், ஐசுவரியமுள்ள உன் அயலகத்தாரையாகிலும் அழைக்க வேண்டாம்" என்பதை அப்படியே செய்த குடும்பத்தை நான் பார்த்ததில்லை. பட்டியலில் நாலு பெயரைக் கூடச் சேர்த்து, அவர்களைக் கடைசிப் பந்திக்குத் தள்ளாமல் சம்பந்தி வீட்டாரோடு உட்காரவைத்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். சம்பந்தி வீட்டார் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார்கள்.